கடன் நெருக்கி மனமும் சோர்ந்தால் வன்னியில் எங்கே போகலாம்: சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

வன்னியில் கடனுக்கு ஒரு கந்தோர், மனதுக்கு இன்னொரு கந்தோர். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே மாதத்தில் தேவைப்படும் என்ற நினைப்பு இரண்டு இடத்திலும் குறைவு. கிளினிக்கில் நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்பார்கள். எத்தனை இடத்தில் லோன் என்று கேட்பது அரிது. லோன் கந்தோரில் நிலுவையைத் தவிர வேறு பேச்சில்லை. அதனால் இங்குள்ள சேவைகளை ஒரே கேள்வியை வைத்து அளந்திருக்கிறோம்: வந்த கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவே கை வராத ஒருவர், போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும் ஒருவர், அந்த வாசலுக்குப் போய் ஏதாவது பயனோடு திரும்ப முடியுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலில் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக். அடுத்தது அங்கிருந்து ஒரு கடிதம். அதற்குப் பிறகுதான் லோன் கந்தோர். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நித்திரையில்லாமல், பயத்தோடு மனேஜர் முன்னால் போய் உட்காரும் ஒருவர், அந்த இடத்தை விட்டு எழும்பினால் போதும் என்று நீட்டிய தாளில் கையெழுத்து வைத்துவிடுவார். முதல் லோனை அடைக்க இரண்டாவது லோன் உருவாவது பெரும்பாலும் அந்த மேசையில்தான்.

முதலில் அந்த லோனைப் பார்ப்போம்

கிராமங்களில் அதிகம் ஓடுவது குழுக்கடன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அது பரவியதற்குக் காரணம் இருந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபா. அத்திவாரமும் சுவரும் எழும்பியபின் கூரைக்கும் கதவுக்கும் காசு முடிந்த வீடுகள் ஏராளம். ஈடு வைக்க நகையும் இல்லை, பலரிடம் காணி உறுதியும் இல்லை. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும் என்று வந்த லோன் அந்த இடைவெளிக்குள் புகுந்தது.

கணக்கை ஒரு எடுத்துக்காட்டில் பாருங்கள். ஒரு இலட்சம் ரூபா, ‘நூற்றுக்கு 24 வட்டி’, 52 கிழமை. மொத்தம் 124,000, கிழமைக்கு ஏறக்குறைய 2,385 ரூபா. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலே 3,000 கழித்தால் கையில் வருவது 97,000. வட்டி முழு இலட்சத்துக்கும் ஒரு வருடத்துக்குப் போடப்பட்டிருக்கிறது. ஆனால் நீங்களோ கிழமைக்குக் கிழமை முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். வருடம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் உங்கள் கையில் இருந்தது பாதிக்காசுதான். அதனால் உண்மையான வருட வட்டி 24 அல்ல, 44 அளவில் வரும். முதலே கழித்த 3,000ஐயும் சேர்த்தால் 50ஐத் தொடும். லோன் எடுக்குமுன் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: ‘வட்டி முழுத்தொகைக்கா, குறைந்துபோகும் மீதிக்கா?’

காலமும் பொருந்தாது. காலபோக நெல் காசாவது மாசி, பங்குனியில். கச்சானுக்கும் கடலுக்கும் தனித்தனிப் பருவம். தவணையோ லோன் எடுத்த அடுத்த கிழமையே தொடங்குகிறது. அறுவடை வரும்வரை அந்தத் தவணையை எங்கிருந்து கட்டுவது? இன்னொரு லோனிலிருந்துதான்.

மனம் சோர்ந்தவருக்கு இதில் தனியான ஒரு ஆபத்தும் இருக்கிறது. கூட்டம் ஒருவருடைய முற்றத்தில் நடக்கும். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் போட்டுக் கட்டும்வரை எழும்ப முடியாது. சோர்வு வந்தவர் முதலில் நிறுத்துவது இப்படிக் கூட்டங்களுக்குப் போவதைத்தான். வராததை எல்லாரும் ஏமாற்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சு நின்றுவிடுகிறது, அந்த வெட்கத்தில் நோய் கூடுகிறது. போக முடியாத கிழமையில் பாஸ் புத்தகத்தையும் இருக்கிற காசையும், அது ஐந்நூறு ரூபாவாக இருந்தாலும், குழுவில் ஒருவரிடம் கொடுத்தனுப்புங்கள். பதிந்து கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் கையெழுத்து விழாத காசு கட்டாத காசாகத்தான் எண்ணப்படும்.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், வன்னி மாவட்டங்களும் அடங்கலாக, பெண்கள் எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தீர்க்க அரசாங்கம் முன்வந்தது. நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது ஒருமுறை கொடுத்த நிவாரணம். ‘திரும்பவும் தள்ளுபடி வரும்’ என்று காத்திருந்து கடிதங்களைப் பிரிக்காமல் விடுவது இன்றைக்கும் குடும்பங்களைக் கெடுக்கிறது.

மனநலக் கிளினிக்: எங்கள் முதல் பரிந்துரை

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, மன்னார் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. வைத்தியரைப் பார்க்கவும் குளிசைக்கும் காசில்லை. காசில்லாதவருக்கு இதைவிட நல்ல சேவை வன்னியில் வேறில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. குறைகளும் உண்டு. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வருபவருக்கு பஸ்ஸுக்கும் காத்திருப்புக்கும் ஒரு நாள் கூலி போய்விடும். சனம் கூடிய நாளில் வைத்தியரோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். தெரிந்த முகம் வாங்கிலில் இருக்குமோ என்ற கூச்சம் வேறு. பக்கத்து ஆஸ்பத்திரி ஓபிடியில் முதலில் காட்டி, துண்டும் கிளினிக் நாளும் கேட்டுக்கொண்டு போனால் ஒரு பயணம் மிச்சம்.

அந்தச் சில நிமிடத்தை வீணாக்காமல் இருக்க, வீட்டிலேயே ஒரு கொப்பித் தாளில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது. சாப்பாடு. எத்தனை மாதமாக இப்படி. சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. கடைசி வரியில் கடன்: எத்தனை இடம், மாதத்துக்கு எவ்வளவு, யார் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும். வைத்தியர் கேட்காவிட்டாலும் கடனைச் சொல்லுங்கள். குளிசை சரியாக வேலை செய்தும் ஆள் தேறாமல் இருந்தால், வீட்டுப்படலையில் நிற்கும் காரணம் தெரியாமல் அவர் மருந்தைத்தான் கூட்டுவார்.

மனச்சோர்வுக்கு ஃபுளுஒக்செற்றீன், சேர்ற்றலீன் போன்ற குளிசைகள் தருவார்கள். இரண்டு முதல் நான்கு கிழமை கழித்துத்தான் பலன் தெரியத் தொடங்கும். ஆனால் வயிற்றுப் பிரட்டலும் தலையிடியும் முதல் கிழமையிலேயே வரலாம். அதாவது கெடுதல் முன்னுக்கு வரும், நன்மை பின்னுக்கு வரும். அதனால்தான் பத்தாம் நாள் நிறுத்திவிட்டு ‘சரிவரவில்லை’ என்கிறவர்கள் அதிகம். இவை பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும் குளிசைகள் அல்ல. ஆனால் திடீரென நிறுத்தக்கூடாது. சுகம் வந்தபிறகும் மாதக்கணக்கில் தொடரவேண்டும். பார்மசியில் நித்திரைக் குளிசையைத் தாங்களாகவே வாங்கிப் போடுவதோ, இரவில் கசிப்போடு சமாளிப்பதோ இதற்கு மாற்றாகாது.

இன்னொரு நிலையும் உண்டு. சிலர் சோர்வுக்கு மாறாக, கிழமைக்கணக்கில் நித்திரையில்லாமல் உற்சாகமாக, பெரிய திட்டங்களோடு, கண்ட இடத்திலெல்லாம் கடன் வாங்குவார்கள். வீட்டார் இதை ஊதாரித்தனம் என்று எண்ணித் திட்டுகிறார்கள். இருமுனை நோயாக இருக்கலாம். கட்டாயம் வைத்தியரிடம் காட்டவேண்டியது. அந்த நாட்களில் போட்ட கையெழுத்துகளின் திகதிகளைக் குறித்து வையுங்கள். பின்னர் சட்டத்தரணி கேட்பார்.

ஒரு கடிதம்

இரண்டாவது கிளினிக்கின்போது வைத்தியரிடம் ஒரு சிறு கடிதம் கேளுங்கள். நோயின் பெயர் வேண்டாம். ‘இவர் இந்தத் திகதி முதல் சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை கிழமைக்கு நிதி விடயங்களில் தீர்மானம் எடுக்கும் நிலையில் இல்லை’ என்றால் போதும். அதன் பிரதியை இணைத்து ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் இப்படி எழுதலாம்:

‘எனது கடன் இலக்கம் இது. இன்றுவரை இவ்வளவு கட்டியிருக்கிறேன். வைத்திய சிகிச்சையில் இருப்பதால் மூன்று மாதத்துக்கு மாதம் இவ்வளவு மட்டுமே கட்ட முடியும். முழுக் கணக்கு அறிக்கையைத் தமிழில் தரவும். இந்தக் காலத்தில் தண்டவட்டி சேர்க்காமல் விடவும். என் சார்பில் இவரோடு மட்டும் பேசவும். அவருடைய தொலைபேசி இலக்கம் கீழே. வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.’

கட்டக்கூடிய தொகையை வெட்கத்துக்காகக் கூட்டி எழுதவேண்டாம். மூவாயிரம் என்று எழுதி இரண்டாம் மாதமே தவறினால் கடிதத்துக்கு மதிப்புப் போய்விடும். ஆயிரம் என்று எழுதி மூன்று மாதமும் கட்டினால் நான்காம் மாதப் பேச்சு வேறுமாதிரி இருக்கும். தபால் துண்டைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே வையுங்கள், தொலையாது. பேசுவதற்குப் பெயர் கொடுக்கும் ஆள் அமைதியான ஒருவராக இருக்கட்டும். கடனுக்குப் பிணை நின்றவரைப் போடவேண்டாம், அவரும் பயத்தில்தான் இருப்பார்.

இந்தக் கடிதத்தை ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்று இங்கே சட்டமில்லை. லண்டனில் இருக்கும் உறவுகள் ‘மூச்சுவிட நேரம் கேள்’ என்று சொல்லக்கூடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 4 முதல் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு: சாதாரணமாக 60 நாட்களுக்கு வட்டியும் அறவீடும் நிற்கும், கடுமையான மனநல நெருக்கடிச் சிகிச்சையில் இருப்பவருக்குச் சிகிச்சை முடியும்வரையும் அதன்பின் 30 நாட்களும் நிற்கும். நமக்கு அது இல்லை. கேட்டுத்தான் பெறவேண்டும். எழுத்தில் கேட்டது பின்னால் முறைப்பாட்டுக்கு ஆதாரமாக நிற்கும், அந்தவகையில் மறுக்கப்பட்ட கடிதமும் பயன்தான்.

1926, 1333, 1990

1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 24 மணி நேரமும் இலவசம். 1333 இலவச உளவளத்துணை இலக்கம். எடுத்தவுடன் ‘தமிழ்’ என்று சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடைக்கும்போது இவற்றுக்கு ஈடான சேவை இல்லை. ஆனால் இவர்கள் லோன்காரரோடு பேசமாட்டார்கள், கணக்குப் பார்க்கமாட்டார்கள். அதை எதிர்பார்த்து எடுத்து ஏமாறவேண்டாம்.

உயிரை மாய்க்கும் பேச்சு வந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக்கூடாது. எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்; வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்பியூலன்ஸ் இலவசம். ஆளைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு வைத்திருக்கும் கிருமிநாசினியை அன்றைக்கே வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். பூட்டி வைப்பது போதாது. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. பொலிஸ் வரும் என்ற பயத்தில் வைத்தியரிடம் மறைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

பிரதேச செயலகம்

உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூகசேவை உத்தியோகத்தர் என்று அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். கிட்டடி, காசில்லை. குறை, ஊர் சின்னது. யார் எந்த மேசையில் இருந்தார் என்பது பின்னேரம் தெரிந்துவிடும். தனியறை கேளுங்கள், கேட்க உரிமை உண்டு. நன்மை, அஸ்வெசும போன்ற உதவிகளின் விண்ணப்பமும் அதே கட்டடத்தில் நடக்கும். அஸ்வெசும அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் லோன்காரர் வாங்கி வைத்திருந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போய் அட்டையை நிறுத்திப் புதியது எடுங்கள். அந்தக் காசு சாப்பாட்டுக்கு வந்த காசு.

1935உம் அதன் எல்லையும்

மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் இலக்கம் 1935. வடக்குக்கான மத்திய வங்கிப் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. 2023இல் வர்த்தமானியில் வந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, அறவீடு என்ற பெயரில் தொந்தரவு செய்யவோ அவமானப்படுத்தவோ கூடாது. கேட்கும் மொழியில் விபரமும் தரவேண்டும். முறை இதுதான்: முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு. பதில் சரிவராவிட்டால் அந்தப் பிரதியோடு மத்திய வங்கிக்கு. நேரே போன் எடுத்து அழுதால் ஆறுதலாகப் பேசுவார்கள், ஆனால் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் இல்லாமல் விடயம் நகராது. வந்தவர்களின் திகதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் நின்ற ஒருவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றைக்கே எழுதி வைத்திருப்பவரின் முறைப்பாடுதான் நிற்கிறது.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் பிடித்தது வைப்புப் பணம் ஏற்கும் நிறுவனங்களை. கடன் மட்டும் கொடுக்கும் பல கம்பனிகள் அதன் வலைக்கு வெளியே நின்றன. நாட்கணக்கில் வட்டி ஏற்றும் தனியாரான மீற்றர் வட்டிக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் லோன் புத்தகத்தில் இருக்கும் நிறுவனம் மத்திய வங்கி அனுமதிப்பத்திரம் பெற்றதா என்பதை 1935இலேயே முதலில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

தனியார் கடனுக்கு

மத்தியஸ்த சபை நல்ல இடம். பெரும்பாலும் சனி, ஞாயிறில் பள்ளிக்கூடங்களில் கூடும். சட்டத்தரணி வாதாட முடியாது என்பதால் காசுள்ளவர் பக்கம் சாயாது. அங்கேயும் பிழை ஒன்றுதான் நடக்கிறது: ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெட்கப்பட்டு, கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டுவது. கிளினிக் கடிதத்தை முதலில் காட்டுங்கள், தொகையை எழுதிக்கொண்டு போங்கள், யோசிக்க அடுத்த தவணை கேளுங்கள்.

வட்டிக்காரர் கையில் நீங்கள் வைத்த கையெழுத்துத் தாள் இருந்தால், அதோடு சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவருக்குக் கட்டணமில்லை. 1918ஆம் ஆண்டின் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி, கடன் நோட்டில் உண்மையில் கொடுத்த தொகை, முதலே கழித்தது, வட்டி வீதம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கவேண்டும். வெறுந்தாளில் வாங்கிய கையெழுத்தை வைத்துப் பயமுறுத்துபவருக்கு இது தெரியும், உங்களுக்கும் தெரியட்டும். காசோலை வேறு விடயம். காசில்லாத கணக்குக்குக் கொடுத்த காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காகலாம். திகதி போடாத காசோலையில் கையெழுத்து வைத்து ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம். மற்றபடி தவணை தவறியது குடியியல் விடயம். அதை அறவிட்டுக் கொடுப்பது பொலிஸின் வேலை அல்ல.

எதை முதலில் கட்டுவது

வாசலில் அதிகம் சத்தம் போடுபவருக்குத்தான் முதலில் காசு போகிறது. அது பிழை. தொழில் எந்தப் பொருளில் தங்கியிருக்கிறதோ அதன் லீசிங், அதாவது லான்ட் மாஸ்டரோ ஓட்டோவோ, முதலில். ஈடு வைத்த நகையின் ஏலத் திகதி அடுத்தது. முழுதாக மீட்க முடியாவிட்டால் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். அதன் பிறகு குழுக்கடன், பக்கத்து வீட்டார் பிணை என்பதால். மீற்றர் வட்டி கடைசி.

‘எல்லாவற்றையும் ஒன்றாக்கித் தருகிறோம்’ என்று அதே கம்பனி நீட்டும் பெரிய லோன் இந்த மதிப்பீட்டில் எல்லாவற்றிலும் கீழே. பழைய லோனின் மீதி வட்டி புதிய லோனின் முதலாகிவிடுகிறது, கட்டணம் திரும்பக் கழிக்கப்படுகிறது. ஊரில் இயங்கும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதில் சேருங்கள். முதலில் சேமிக்கச் சொல்வார்கள், கடன் கிடைக்க நாளாகும். இன்றைய நெருப்பை அது அணைக்காது, அடுத்த விதைப்புக்கு உதவும்.

வெளிநாட்டு உறவு காசு அனுப்ப முன்வந்தால், கையில் வாங்கிப் பல இடத்துக்கும் பிரித்துக் கொடுக்கவேண்டாம். ஒரு நிறுவனத்திடம் ‘இன்றைய திகதியில் முழுதாகத் தீர்க்க எவ்வளவு’ என்று எழுத்தில் வாங்கி, தண்டவட்டியைக் குறைக்கக் கேட்டு, அந்த ஒரு லோனை முழுதாக முடியுங்கள். முடித்த அன்றைக்கே கடன் தீர்ந்த கடிதம், ஈடு வைத்த உறுதி, கையெழுத்திட்ட நோட்டு எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். சில மாதம் கழித்து, எல்லாருடைய கடன் விபரங்களையும் பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) அறிக்கை எடுத்து, அந்த லோன் மூடப்பட்டதாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் பிணை நின்ற கடன்களையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.